யாரும் வராத வாசல்

பாய்மரக் கப்பல்கள் காற்றை நம்பிக் கடல் தாண்டிய காலம் அது, கேளுங்கள். முத்துக் குளிக்கும் பட்டணம் ஒன்றில் கிளமெந்து என்றொரு பேராயர் இருந்தார். எங்கோ ஒரு மலைமேல், மடத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த துறவி அவர். அவரைப் பிடித்துத் தலையில் பேராயர் முடியை வைத்துக் கடல் கடந்து அனுப்பிவிட்டார்கள். பாவம், அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பதினெட்டு வருஷமாக அவர் மனமெல்லாம் அங்கேதான். அந்த மடத்து மணி, அந்தக் கிணற்றுத் தண்ணீர், யாரும் பேசாத அந்த அமைதி.

திரும்ப அனுப்பிவிடுங்கள் என்று பாப்பரசருக்கு எழுதினார், பதில் இல்லை. மறுபடி எழுதினார், பொறு என்று வந்தது. மூன்றாம் முறை எழுதினார். "உன் வாசலில் யாரும் காத்திராத நாளில் கப்பல் ஏறலாம்" என்று வந்தது.

நல்ல உத்தரவு போங்கள். வாசலில் உட்கார்ந்த கடைசி ஆள் எழுந்து போகும்வரை பேராயர் கஞ்சி குடிக்கக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். வாசலைக் காலி செய்ய அவரும் பாடுபட்டார்: பசித்தவர்களுக்கு அரிசி அளந்தார். மறுநாள் இரட்டிப்பாக வந்தார்கள். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார். அடுத்த ஊரிலிருந்தும் வந்தார்கள். சண்டைகளைத் தீர்த்துவைத்தார், புதிதாகச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

ஒரு நாள் காலைப் பூசை முடிந்து வந்து பார்த்தால், வாசலில் ஈ காக்கை இல்லை. துறையில் கப்பல் புறப்படத் தயாராக நின்றது. கிழவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

கடற்கரைத் தெருவில், ஒரு குடிசைக்குள் குழந்தை முனகியது. எட்டிப் பார்த்தார். மதலேனம்மாள் என்ற மீனவப் பெண் மகளை மடியில் கிடத்தி, நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். தொட்டுப் பார்த்தார், உடம்பு கொதித்தது.

"காலையிலேயே தூக்கிட்டு வந்திருக்கலாமேம்மா?"

அவள் தலை நிமிரவில்லை. "கடுதாசி விசயம் ஊருக்கே தெரியும் சாமி. இன்னைக்கு யாரும் உங்க வாசலுக்குப் போறதில்லன்னு பேசி வச்சிருக்கோம். எங்களுக்காகப் பதினெட்டு வருசம் இருந்தீங்க. உங்களுக்காக ஒரு நாள் நாங்க பொறுத்துக்க மாட்டோமா? போங்க சாமி, கப்பல் போயிரும்."

கிளமெந்து அழுதார். போக வேண்டும், போக வேண்டும் என்று உயிர் துடித்தது. மூட்டையைக் கீழே வைத்து, மருந்தைத் தேடி எடுத்து, வெந்நீர் கேட்டார்.

காய்ச்சல் இறங்கியபோது கடலில் கப்பல் இல்லை. பிறகு அவர் வீடு வீடாகப் போனார். அன்று எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்கள் என்று பார்த்தார்.

மலை மடத்தை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. சாகும்வரை அந்த ஏக்கமும் தீரவில்லை. ஆனால் நான்காம் கடிதம் எழுதவில்லை. ஊர் அவரைப் புனிதர் என்றது.

ஆகவே அறிந்துகொள்ளுங்கள்: கேட்டு வருபவருக்குக் கொடுப்பது கடமை, நமக்காகக் கேட்காமல் இருப்பவரைத் தேடிப் போவதே அன்பு.