வண்டியில் குறை எதுவும் இல்லை

"இல்லாத குறையை எப்படிங்க சாமி ரிப்பேர் பண்றது?"

இப்படிக் கேட்டபோது சென்னியப்பனுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. குருவிப்பாறைப் படிகள் கொஞ்சநஞ்சமல்ல. ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்ட முழங்கால் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்திருந்தது.

குரு அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். முப்பத்தைந்து வயதுகூட ஆகாத பெண். பாறை மேல் இரண்டே அறை கொண்ட அந்த ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் அவரை அம்மிணி சாமி என்பார்கள். பொள்ளாச்சியில் ஒரு பெரிய கார் கம்பெனியின் சர்வீஸ் மேனேஜர் சென்னியப்பன். வாரம் முழுக்க எல்லாரையும் விரட்டுகிறவர், ஞாயிறானால் மகள் வயதுப் பெண்ணின் முன்னால் கைகட்டி உட்காருவார். அவர் வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

"இல்லாத குறையா? அடடே, அது எப்படிங்கண்ணா இருக்கும்?"

குரு காயைக் கீழே வைத்தார். விசித்திரமாக எதைக் கேட்டாலும் அவருக்குக் கண் விரிந்துவிடும்.

"சௌடேஸ்வரின்னு ஒரு பொண்ணுங்க. ஆனைமலைக்காரப் பொண்ணு. வண்டி ஓடிட்டிருக்கப்பவே பொசுக்குனு நின்னு போகுதாம். நடுரோட்டுல. மறுபடி சாவியத் திருகுனா உடனே கிளம்பிருதாம்."

"அப்புறம்?"

"எங்ககிட்டக் கொண்டாந்து விடும். பாப்போம், ஒண்ணும் இருக்காது. கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாப்போம், அதுவும் ஒண்ணும் இல்லைங்கும். மனசு கேக்காம பெட்ரோல் பம்பை மாத்துனோம். பேட்டரி வயரை மாத்துனோம். சென்சார் ஒண்ணை மாத்துனோம். நானே ஓட்டிப் பாத்தேன். வெண்ணெய் மாதிரி போகுது சாமி! குறை எதுவும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புனா, பத்து நாள்ல திரும்ப வந்து நிக்குது."

"வண்டியா, பொண்ணா?"

"ரெண்டுந்தானுங்க!"

குரு வாய்விட்டுச் சிரித்தார். காருக்குப் பெட்ரோல் எந்தப் பக்கம் ஊற்றுவார்கள் என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் பேய்க்கதை கேட்கிற குழந்தை மாதிரி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"உங்க வாசலுக்கு வந்ததும் ஓடி ஒளிஞ்சுக்குதுங்களா! ஏனுங்கண்ணா, உங்களைக் கண்டா அதுக்கு அவ்வளவு பயமா?"

"விளையாடாதீங்க சாமி. நேத்து அந்தப் பொண்ணு அழுதிருச்சு."

குருவின் சிரிப்பு நின்றது.

சௌடேஸ்வரியின் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போவது அவள்தான். அம்மா இல்லை. திருப்பூரில் அண்ணன் இருக்கிறான், குழந்தைவேலு. அவன் கம்பெனிக்காரர்கள் கொடுத்த காகிதங்களைப் படித்துப் பார்த்திருக்கிறான். வண்டியில் குறை இல்லை என்றால் ஓட்டுகிறவளிடம்தான் குறை என்று முடிவுகட்டிவிட்டான். கிளட்ச் விடத் தெரியாதவள் கையில் அப்பாவைக் கொடுத்துவைக்க முடியாதாம். இன்னொரு காகிதம் அப்படி வந்தால் வண்டியை விற்றுவிட்டு, அப்பாவைத் திருப்பூருக்குக் கூட்டிப் போய்விடுவானாம்.

"அவங்கப்பாவுக்கு அங்க போக இஷ்டமே இல்லீங்க. இந்தப் பொண்ணுக்கும் அவரை விட்டா நாதியில்லை. 'வண்டி போனாப் போகுது சார், எங்கப்பாவும் போயிருவாரு'ன்னு நின்னு அழுகுது. வண்டி இப்ப எங்க ஷெட்டுலதான் நிக்குது. நாளைக்கு நான் காகிதம் குடுத்தாகணும்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"அந்தப் பொண்ணு பொய் சொல்ற மாதிரி இல்லீங்க. வண்டியும் பொய் சொல்லாது. அப்ப யாரு சொல்றது? அதுதான் சாமி மண்டையக் குடையுது. ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது."

குரு மறுபடி ஒரு அவரைக்காயை எடுத்தார்.

"வண்டி உங்க கைக்கு எப்படிங்கண்ணா வரும்?"

சென்னியப்பனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இது அவருக்குப் பிடித்த விஷயம்.

"எங்களை மாதிரி சுத்தமா யாரும் வாங்க மாட்டாங்க சாமி. உள்ள இருக்கற குடை, செருப்பு, சாமி படம், தண்ணி பாட்டில் எல்லாத்தையும் எடுத்துரச் சொல்லிருவோம். சாவிகூடக் கார் சாவி மட்டுந்தான். முன்ன ஒருத்தரு வீட்டுச் சாவி தொலைஞ்சு பெரிய ரகளையாயிருச்சுங்க. அதுக்கப்புறம் நான்தான் போர்டே எழுதி வெச்சேன்."

"அந்தப் பொண்ணு?"

"வெயிட்டிங் ரூம்ல உக்காந்திருக்கும். ஏசி, டீவி, காபி எல்லாம் உண்டு. ஷெட்டுக்குள்ள யாரும் வரக்கூடாது. ஓட்டிப் பாக்கறப்பவும் ஏத்தக்கூடாது. ரூலு."

"அந்த ரூலும் நீங்க போட்டதுங்களா?"

"ஆமாங்க."

குரு தலையாட்டிவிட்டு நார் உரிக்க ஆரம்பித்தார்.

சென்னியப்பன் காத்திருந்தார். காலை நீட்டி முழங்காலைத் தேய்த்துவிட்டார்.

"என்னங்கண்ணா, கால் வலியா?"

"படியேறுனா உயிர் போகுதுங்க சாமி. பாதியில வந்து புடிச்சுக்குது."

"பாதியிலயா?"

குரு எழுந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனார். சென்னியப்பன் எட்டிப் பார்த்தார். அடிவாரம் வரைக்கும் போய்விட்டு, அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வந்துகொண்டிருந்தார் அம்மிணி சாமி. பாதியில் ஒரு தரம் நின்றார். பிறகு மேலே வந்தார்.

"ஏறிப் பாத்துட்டேனுங்கண்ணா. வலி எதுவும் இல்லை. உங்க முழங்கால் நல்லாத்தான் இருக்குது."

"என்னங்க சாமி? ஏறுனது உங்க காலுங்க!"

"படி அதே படிதானுங்களே?"

சென்னியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏனுங்க, வயசான மனுசனைக் கேலி பண்றீங்களா?"

"சத்தியமா இல்லீங்கண்ணா. நல்லா மெதுவாத்தான் ஏறுனேன். பாதியில நின்னுகூடப் பாத்தேன், ஒண்ணுமே புடிக்கலை. வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டுங்களா?"

சென்னியப்பன் கும்பிடக்கூட இல்லை. எழுந்து இறங்கிவிட்டார்.

பாதிப் படியில் முழங்கால் பிடித்தது. வேறு வழியில்லாமல் அங்கேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கோபமாக உட்கார்ந்திருந்தார். அப்புறம் தன்னால் சிரிப்பு வந்தது. சிரித்து ஓய்ந்ததும் வெட்கமாக இருந்தது.

அங்கிருந்தே சௌடேஸ்வரிக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு அப்பாவை ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போறீங்கல்ல? காலைல வண்டியைக் கொண்டாந்து விட்டுட்டு, நானும் கூட வர்றேன்."

"எதுக்கு சார்?"

"சும்மாதான். பக்கத்துல உக்காந்து வர்றேன்."



"எங்கண்ணன் சொன்னானா? நான் எப்படி ஓட்டறேன்னு பாத்துட்டு வரச் சொல்லி?"

"இல்லீங்கம்மா. எங்க சாமி சொல்லுச்சு."

காலையில் ஆனைமலை வரைக்கும் அவரே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். ஒரு முக்கல் முனகல் இல்லை. சௌடேஸ்வரி வாசலில் நின்று சாவியை வாங்கினாள். அப்பாவைக் கைத்தாங்கலாகப் பின்சீட்டில் ஏற்றினாள். சென்னியப்பன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் கைப்பையைத் துழாவி எதையோ எடுத்து, கோத்து, வண்டியைக் கிளப்பினாள்.

பொள்ளாச்சி தாண்டியது. வண்டி நிற்கவில்லை. கிணத்துக்கடவு தாண்டியது. நிற்கவில்லை.

"பாருங்க சார், நீங்க இருக்கீங்கன்னு நல்லா ஓடும்," என்றாள் சௌடேஸ்வரி. "நான் ஒரு சனியன் புடிச்சவ."

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்கம்மா."

அவளைத் தேற்ற ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தார். அவருக்கே நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. இந்தப் பொண்ணு கிளட்சை எப்படி மிதிக்கிறது என்று ஒரு கண் கீழே போகத்தான் செய்தது. நன்றாகத்தான் மிதித்தாள்.

ஒரு சின்னப் பாலம் வந்தது. ரோடும் பாலமும் சேரும் இடத்தில் வண்டி தூக்கிப் போட்டது.

எஞ்சின் நின்றுவிட்டது.

சத்தமே இல்லை. வண்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரனை அடித்துக்கொண்டு நெருங்கியது.

"ஐயோ சாமி!" என்று கத்தியது சென்னியப்பன்தான்.

சௌடேஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அபாய விளக்கைத் தட்டிவிட்டாள். இறுகிப்போன ஸ்டியரிங்கை உடம்பு மொத்தத்தையும் கொடுத்துத் திருப்பி, வண்டியை மண்பாதையில் இறக்கி நிறுத்தினாள். லாரி திட்டிக்கொண்டே போயிற்று.

"பாத்தீங்களா சார்," என்றாள்.

பின்சீட்டிலிருந்து அவள் அப்பா முன்னால் சாய்ந்தார். "எப்பவும் இப்படித்தானுங்க நிக்கும். நானும் பாத்துட்டேதான் வர்றேன்."

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"என்னைய யாருங்க கேட்டா?"

சௌடேஸ்வரி வண்டியைக் கிளப்பச் சாவியிடம் கையைக் கொண்டுபோனாள்.

"தொடாதீங்கம்மா! கையை எடுங்க!"

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். சாவி தானாகவே ஒரு திருகு பின்னால் வந்திருந்தது. அதன் கீழே ஒரு பெரிய கொத்து ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுச் சாவி, பீரோ சாவி, தறிக்கொட்டாய்ச் சாவி, இரும்புப் பெட்டிச் சாவி, நடுவில் மாசாணியம்மன் கோயிலில் வாங்கின பித்தளை மணி ஒன்று. உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். நல்ல கனம்.

சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினார். கொத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். எஞ்சின் நின்றது. மறுபடி கிளப்பினார், மறுபடி தட்டினார். மறுபடி நின்றது.

"அட!" என்றார். "ஏம்மா, இந்தக் கொத்தை நான் பாத்ததே இல்லையே?"

"எப்படி சார் பாப்பீங்க? கார் சாவி மட்டும் போதும்னு நீங்கதானே போர்டு வெச்சிருக்கீங்க? கழட்டிப் பைல போட்டுட்டுத்தான் வருவேன்."

இத்தனை நாள் ஷெட்டில் விளக்குப் போட்டுத் தேடிய குறை, வெயிட்டிங் ரூமில் அவள் மடியில் உட்கார்ந்து டீவி பார்த்திருக்கிறது. சென்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

கார் சாவியைத் தனியாகக் கழற்றி அவளிடம் கொடுத்தார். கொத்தைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உள்ள ஸ்விட்ச் தேஞ்சு போச்சுங்கம்மா. கனம் இழுத்தா ஒரு குலுக்கல்ல திரும்பிருது. சாயங்காலமே மாத்தித் தந்தர்றேன். அதுவரைக்கும் ஒத்தைச் சாவியோட போலாம். நிக்காது."

அவள் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"அப்ப நான் நல்லாத்தானே சார் ஓட்டறேன்?"

"லாரி வந்தப்ப நான் கத்துனேன். நீங்க கத்தலை."

"இதை எங்கண்ணன்கிட்டச் சொல்வீங்களா?"

"நம்பரைக் குடுத்துட்டு வண்டியை எடுங்க. அப்பாவுக்கு நேரமாகுது."

வண்டி ரோட்டில் ஏறியது. அடுத்த பாலத்தில் தூக்கிப் போட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் போனைக் காதில் வைத்தார்.

"நான் சர்வீஸ் மேனேஜர் பேசறேனுங்க."

"சொல்லுங்க சார்," என்றான் குழந்தைவேலு. "இந்தத் தடவையும் குறை எதுவும் இல்லை, அதானே? வண்டி வாங்க ஆள் பாத்து வெச்சுட்டேன்."

"குறை இருந்துச்சுங்க. கண்டுபுடிச்சாச்சு."

"என்ன சார் இது? நீங்கதானே இல்லை இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க?"

"போட்டேனுங்க. தப்பு என்னோடது."

"என்னமோ போங்க. வண்டி சரியாயிருக்கலாம். அவ ஓட்டறதுல எனக்கு நம்பிக்கை இல்லை. உங்க மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க சார். அவ ஓட்டற வண்டில நீங்க உக்காருவீங்களா?"

"உக்காந்துட்டுத்தான் பேசறேனுங்க."