அமிலத்தில் தண்ணீர்

"அவ ஏன் சார் என்கிட்ட கேக்கல?"

செண்பகவடிவு டீச்சர் இப்படிக் கேட்டபோது வகுப்பு முடிந்து மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். பேராசிரியர் யோவேல் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறை, பள்ளி ஆசிரியர்களுக்குச் சனிக்கிழமைதோறும் வேதியியல் பயிற்சி வைத்திருந்தது. சொல்லிக்கொடுப்பவர் யோவேல். செண்பகவடிவைவிட வயதில் சின்னவர். செண்பகவடிவோ தலை நரைக்கும் அளவுக்குப் பல வருஷமாக மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்திவருபவர்.

யோவேல் டஸ்டரைக் கீழே வைத்தார். யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

இசக்கிப்ரியா. பிளஸ் ஒன் படிக்கிற பெண்.

இந்தப் பயிற்சிக்கு வருவதற்கு முன்பு ஒருநாள், பள்ளி ஆய்வகத்தில் அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்ய வேண்டியிருந்தது. தண்ணீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அமிலத்தில் தண்ணீரை விடவே கூடாது, கொதித்து மேலே தெறிக்கும். செண்பகவடிவு இதைச் சொல்லித்தான் கொடுத்தார். புரிந்ததா என்றும் கேட்டார். எல்லோரும் புரிந்தது என்றார்கள். மணி அடித்துவிடுமே என்று அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

அந்தப் பெண்ணுக்கு எதில் எதை விடுவது என்று குழம்பிவிட்டது. கேட்கலாம் என்று நினைத்திருக்கிறாள். கேட்கவில்லை. அமிலத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டாள்.

வலது கை முழங்கைவரை வெந்துபோயிற்று. கண் தப்பியது.

ஆஸ்பத்திரியில் அவளுடைய அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. டீச்சர் உட்காரட்டும் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். அதைத்தான் செண்பகவடிவால் தாங்க முடியவில்லை. அதன்பிறகு ஆய்வகக் கதவைத் திறக்கவே தயங்கினார். குழாய் சொட்டும் சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தார். தன் பாடத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து இந்தப் பயிற்சியில் வந்து சேர்ந்திருந்தார்.

"நான் யாரையும் அடிச்சதில்ல சார். திட்டினதுகூட இல்ல. பிள்ளைங்க எங்கிட்டப் பிரியமாத்தான் இருப்பாங்க. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

யோவேல் ஏதாவது சொல்வார் என்று செண்பகவடிவு காத்திருந்தார்.

"அடுத்த சனிக்கிழமை வந்திருங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை மேசைமேல் கந்தக அமிலம் என்று ஒட்டிய பாட்டில் இருந்தது. பக்கத்தில் ஒரு பீக்கர், ஒரு ஜக்கில் தண்ணீர்.

யோவேல் பாட்டிலைத் திறந்து பீக்கரில் பாதிவரை ஊற்றினார். நீர்க்கச் செய்வதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு வழக்கம்போல் நிதானமாக இருந்தது. பேசிக்கொண்டே ஜக்கைக் கையில் எடுத்தார்.

வேறு பீக்கரில் தண்ணீர் எடுக்கப் போகிறார் என்று செண்பகவடிவு நினைத்தார்.

ஜக் அமிலத்துக்கு நேர் மேலே வந்து அப்படியே நின்றது.

செண்பகவடிவு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் எழுதிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒருவர் தலையாட்டினார். யாருமே பதறவில்லை.

தெரியாமலா செய்வார்? டாக்டர் பட்டம் வாங்கினவர். புதிதாக ஏதாவது முறை வந்திருக்கும். நமக்குத்தான் தெரியவில்லையோ என்னவோ. எழுந்து கேட்டு, அது தப்பாகப் போய், இத்தனை பேரும் திரும்பிப் பார்த்தால்? இத்தனை வருஷ சர்வீஸ், இதுகூடத் தெரியவில்லையா என்று நினைத்தால்?

ஜக் லேசாகச் சாய்ந்தது.

"புரியுதா?" என்றார் யோவேல்.

"புரியுது சார்" என்றது வகுப்பு.

அதில் தன் குரலும் இருந்ததைச் செண்பகவடிவு கேட்டார்.

"சந்தேகம் ஏதும் உண்டா?"

செண்பகவடிவு கையைத் தூக்க நினைத்தார். கை மேசைக்கு அடியிலேயே கிடந்தது. இசக்கிப்ரியாவின் கட்டுப் போட்ட கை கண்ணுக்குள் வந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

யோவேல் ஊற்றினார்.

செண்பகவடிவு முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஒரு சத்தமும் இல்லை.

கண்ணைத் திறந்தபோது யோவேல் பீக்கருக்குள் விரலை விட்டு எடுத்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். விரலில் இருந்து தண்ணீர் சொட்டியது. பாட்டிலில் இருந்ததும் தண்ணீர்தான்.

யாரோ சிரித்தார்கள். தான் அப்போதே கவனித்துவிட்டதாக ஒருவர் சொன்னார். புது முறை என்று நினைத்தேன் என்றார் இன்னொருவர். யோவேல் சிரிக்கவும் இல்லை, யாரையும் கடிந்துகொள்ளவும் இல்லை. டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

செண்பகவடிவால் மட்டும் எழுந்திருக்க முடியவில்லை. யோவேல் வந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரிஞ்சுது சார்."

"உங்க முகத்தப் பாத்தேன் டீச்சர்."

"தெரிஞ்சும் வாய் வரல. நீங்க ஒருநாளும் எங்களக் கோபிச்சதில்ல. அப்படியும் வரல."

யோவேல் வலது தோளை இடது கையால் மெல்லப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"அந்த ஜக்கு நல்ல கனம்" என்றார். "யாராவது ஒருத்தர் கேட்டுருவீங்கன்னு எவ்வளவு நேரம் தூக்கிப் பிடிச்சிட்டு நின்னேன் பாத்தீங்களா?"