அருள்ஞானம் சாரின் கைடு

கடையநல்லூர் அருள்ஞானம் சார் டியூஷனில் ஒரே சட்டம்தான். பிளஸ் டூ கணக்குக்கு அவர் போட்ட கைடு மட்டும் போதும்; பாடப்புத்தகமோ பழைய வினாத்தாளோ உள்ளே வரக்கூடாது. இசக்கிமீனா ஒருநாள் பழைய வினாத்தாள் கட்டோடு மாட்டிக்கொண்டாள்.

"என் கைடுல இல்லாத கணக்கு ஒண்ணு போர்டுல எழுது பார்ப்போம். முடியலேன்னா கட்டைக் குப்பையில போட்டுட்டு உட்காரு" என்றார் சார்.

அவள் ஒரு தொகையிடல் கணக்கை எழுதினாள். கைடை வரிவிடாமல் நெட்டுருப் போட்டிருந்த முதல் பெஞ்சு பரபரவென்று புரட்டிவிட்டு, "இது இல்ல சார்" என்றது.

சாரும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "இல்லதான். இதெல்லாம் பரீட்சைக்கு வராது. எந்தப் புத்தகத்துல பிடிச்சே?"

"உங்க கைடுலதான் சார், நாற்பதாம் பக்கம். எக்ஸ் இருந்த இடத்துல டி போட்டேன், அவ்வளவுதான்."

சார் நாற்பதாம் பக்கத்தைப் பார்த்தார். பெஞ்சுகள் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டன.

"கைடுல இருக்குன்னா கட்டைக் குப்பையில போட்டுடறேன் சார். இல்லேன்னா என்கிட்டயே இருக்கட்டும். எது சார்?"

சார் கைடை மூடி வைத்தார். "ஜெராக்ஸ் கடை திறந்திருக்கும். அந்த வினாத்தாளை எல்லாருக்கும் ஒரு செட் எடுத்துட்டு வா."

இசக்கிமீனா வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து சாரின் குரல் வந்தது. "எனக்கும் சேர்த்து."