தையல் தின்ற துணி

"அக்கா, எல்லாத்தையும் வெட்டிட்டேன்" என்றாள் தெய்வானை.

"வெட்டத்தானே சொன்னேன்?" என்றாள் ரெஜினா.

"தையலுக்கு விடாம வெட்டிட்டேன்."

ரெஜினா திரும்பிப் பார்த்தாள். மேசை நிறைய, ஒரு மனிதர் ஆயுள் முழுக்கக் கட்டிய கைலிகள் சின்னச் சின்னச் சதுரங்களாகக் கிடந்தன.

கரூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்த அறை. ரெஜினா அங்கே ஒட்டுப்போர்வை செய்யக் கற்றுக்கொடுத்தாள். முதலில் கம்ப்யூட்டரில் போர்வையை வரைய வேண்டும். பிறகு அதை அச்செடுத்து, அந்த அளவுக்குத் துணியை வெட்டித் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். தெய்வானைக்கும் அவளுக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் ரெஜினா குரு, இவள் சிஷ்யை.

தெய்வானை வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். படித்த பிள்ளை தப்பு செய்யாது என்று வீடே நம்பியது. அந்த நம்பிக்கைதான் அவளைத் தூங்கவிடாது.

கைலிகளைக் கொண்டுவந்தவர் ஜெய்னம்பு. கணவர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"இருந்தவரைக்கும் இந்தக் கந்தலைத் தூக்கிப் போடுங்கன்னு சண்டை போட்டேன். இப்ப ஒண்ணைக்கூடத் தூக்கிப் போட மனசு வரல" என்று சொல்லி மூட்டையை வைத்தார். பெரிய கட்டிலுக்கு ஒரு போர்வை வேண்டும் என்றார். "ஒரு துண்டுகூட வீணாகக் கூடாது தங்கச்சி."

இரண்டு துண்டுகளைச் சேர்த்தால் ஒவ்வொன்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். அதற்காகவே கம்ப்யூட்டர் ஒவ்வொரு சதுரத்தைச் சுற்றியும் ஒரு புள்ளிக்கோடு போட்டுக் காட்டும். அந்தக் கோடு படத்தின் அழகைக் கெடுக்கிறதென்று தெய்வானை அதை அணைத்து வைத்தாள். அச்செடுக்கும்போது திரும்பப் போட மறந்துபோனாள்.

"எவ்வளவு குறையும்?" என்று கேட்டாள் ரெஜினா.

"கட்டில் ஓரத்தைத் தொடாது."

தெய்வானையின் விரல்கள் மேசை விளிம்பில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தன. செய்ததை இல்லாமல் ஆக்கும் கன்ட்ரோல் இசட். கீபோர்டு அங்கே இல்லை.

"துணிக்கு அது கிடையாது" என்றாள் ரெஜினா.

தெய்வானை கையை இழுத்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, பஜார்ல இதே நீலக் கட்டம் இருக்கு. போய்ப் பார்த்துட்டு வந்தேன். கழுவிக் காயப்போட்டு, ஓரத்துல ரெண்டு வரிசை சேர்த்துட்டா யாருக்கும் தெரியாது."

"யாருக்கும்?"

"உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான்."

"ரெண்டு பேரா? அப்ப பாதி ஊருக்குத் தெரிஞ்ச மாதிரிதான்."

தெய்வானைக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"தை."

தைத்தாள். ஒவ்வொரு தையலுக்கும் போர்வை சுருங்குவதைக் கண்ணால் பார்த்தாள்.

"தையல் துணியைத் தின்னுடுதுக்கா."

"தின்னதை எங்கே வச்சிருக்கு?"

தெய்வானை மெஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். குப்பைக்கூடையைக் கிளறிப் பார்த்தாள். நூல்தான் இருந்தது.

"தெரியல அக்கா."

ரெஜினா தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

மேல்துணி தைத்து முடிந்தது. தெய்வானை அவசரமாக அடித்துணியை எடுத்தாள். அதை வைத்துத் தைத்துவிட்டால் பின்பக்கம் மூடிவிடும்.

"வைக்காதே" என்றாள் ரெஜினா. "முதல்ல அவங்க பார்க்கட்டும்."

"பின்பக்கம் பூரா பிசிறுக்கா. பார்க்க அசிங்கமா இருக்கு."

"இருக்கட்டும்."

"அவங்க வந்தா நீங்க பேசுவீங்கல்ல?"

"மாட்டேன்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஜெய்னம்பு போர்வையைத் தரையில் விரித்தார். கட்டங்கள் நீலமும் பச்சையும் பழுப்புமாக, திரையில் இருந்தது போலவே அழகாக இருந்தன. அவர் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நடந்து பார்த்தார். நடை சீக்கிரம் முடிந்துவிட்டது.

"சின்னதா இருக்கே?"

ரெஜினா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"என் தப்பும்மா" என்றாள் தெய்வானை. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். "என் தப்பு. தையலுக்கு விட மறந்துட்டேன்."

"விட மறந்தா துணி எங்கே போகும்? நான் கொண்டுவந்தது அவ்வளவு பெரிய மூட்டை." ஜெய்னம்பு குரல் மாறியிருந்தது. "எடுத்து வச்சுக்கிட்டீங்களா? மீதி எங்கே?"

மீதி எங்கே.

இதே கேள்வியை ரெஜினா ஏற்கெனவே அவளிடம் கேட்டிருந்தாள்.

குனிந்து போர்வையின் ஒரு முனையைப் பிடித்தாள். முழுவதையும் புரட்டிப் போட்டாள்.

வரிசை வரிசையாகத் துணியின் விளிம்புகள் வரப்புகள்போல் எழுந்து நின்றன.

"இங்கேதான் இருக்கும்மா. ஒண்ணும் வெளியே போகல. பெரிய சதுரமா வெட்டியிருந்தா இவ்வளவு உள்ளே போயிருக்காது. எனக்கு அப்பத் தெரியல."

ஜெய்னம்பு உட்கார்ந்தார். வரப்புகளின்மேல் கையை ஓட்டினார். எதையோ தேடுகிற கை.

"பழுப்புக் கைலியில பீடி சுட்ட ஓட்டை ஒண்ணு இருக்கும். மேல பார்த்தேன், காணோம்."

கை ஓரிடத்தில் நின்றது. இரண்டு விளிம்புகளுக்கு நடுவே, கருகிய வளையமாக, அந்த ஓட்டை இருந்தது. அவர் அதற்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

திட்டப்போகிறார் என்று தெய்வானை காத்திருந்தாள்.

"அடித்துணி வைக்கணுமில்ல?" என்றார் ஜெய்னம்பு.

"ஆமாம்மா. இந்தப் பக்கம் மூடிடும்."

"அந்தப் பக்கம் வை."

"அம்மா, டிசைன் பூரா அந்தப் பக்கம்தானே இருக்கு? அது மறைஞ்சிடுமே!"

"கைலியை மடிச்சுக் கட்டாம அந்த மனுஷன் வீட்டுல ஒரு நாளும் இருந்ததில்ல" என்றார் ஜெய்னம்பு. "மடிச்சா உள்பக்கம்தானே வெளியே தெரியும். நான் பார்த்ததெல்லாம் அந்த உள்பக்கம்தான்."

தெய்வானை ரெஜினாவைப் பார்த்தாள்.

ரெஜினா கோத்த ஊசியை நீட்டினாள்.