நான்கு கப் தண்ணீர்

தூத்துக்குடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கார் கழுவுவது என் வேலை. காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அழுக்கு மட்டும்தான். அதையும் நான் பாதிதான் எடுப்பேன் என்று ஒரு பேச்சு உண்டு.

ஒருநாள் உப்பு முதலாளி ஒருவரின் கார் வந்தது. முன்பக்கம் இடது சக்கரத்தில் மட்டும் பிரேக் கட்டை மூன்றாவது தடவையாகத் தேய்ந்திருந்தது.

"டிரைவர் மிதிக்கிற லட்சணம் அப்படி," என்றார் எங்கள் சூப்பர்வைசர் குணசீலன். முதலாளி அங்கேயே டிரைவர் சேவியரிடம், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சாவியைக் கேட்டுவிட்டார்.

என் வாய் சும்மா இருக்காது. "ஒரு மிதிக்கு நாலு சக்கரமும்தான சார் பிடிக்கும்? அண்ணன் இடதுக்கு மட்டும் எப்படித் தனியா மிதிப்பாரு?"

"சக்கரத்தைக் கழட்டாம நீ கோளாறைச் சொல்லு, பாப்போம்," என்றார் சூப்பர்வைசர்.

எனக்குத் தெரிந்த ஒரே கருவி தண்ணீர். சேவியரண்ணனிடம், முதலாளியைப் பக்கத்தில் உட்காரவைத்து, கால் பிரேக்கைத் தொடாமல் காலி மைதானத்தில் பத்துச் சுற்று ஓட்டி, வேகம் தானாகக் குறைந்ததும் கைபிரேக்கில் நிறுத்தச் சொன்னேன். பிறகு சக்கரத்துக்கு ஒரு கப் வீதம் ஊற்றினேன். மூன்று சக்கரம் பேசாமல் நனைந்தன. முன் இடது மட்டும் தோசைக்கல் மாதிரி சுர்ரென்றது.

"மிதிக்காமலே பிடிச்சிட்டு நிக்குது சார்," என்றேன்.

கழற்றினார்கள். கட்டை நகர்ந்து விலகுவதற்கான இரும்புப் பின் துருவேறி இறுகிக் கிடந்தது. 'பின்னுக்கு கிரீஸ் வைத்தாயிற்று' என்று போன மாத சர்வீஸ் கார்டில் எழுதியிருந்தது. கீழே குணசீலன் கையெழுத்து.

முதலாளி சாவியைச் சேவியரண்ணன் கையில் திருப்பிக் கொடுத்தார். சூப்பர்வைசர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்பில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. அவர் முகத்தில் தெளித்திருந்தால் அதுவும் சுர்ரென்றிருக்கும். எனக்கு வேலை முக்கியம். அவருடைய பைக்கைக் கழுவப் போய்விட்டேன்.