குறைத்துக் கேட்டவன்

திருப்பூரைத் தாண்டி, நொய்யலில் சாயத்தண்ணி ஓடுகிற கரையில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரம், யானை என்று நினைக்க வேண்டாம். ஓட்டு வீடு ஒன்று, பின்னால் வரிசையாக வாடகைக்கு விட்ட லைன் வீடுகள், சுற்றிலும் காம்பவுண்டு, ஒரே கேட்டு. அவ்வளவுதான்.

குருவை எல்லோரும் அம்மா என்பார்கள். வயசு நாற்பதுகூட இல்லை. நைட்டிமேல் ஒரு துண்டு, அதுதான் அவருக்குக் காவி. முன்னால் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். துணியில் ஓட்டை கண்டுபிடித்த கண், மனுஷரைப் பார்க்கும்போதும் சும்மா இருக்கவில்லை. ஏதாவது கேட்க வந்தவர்களில் சிலர் திரும்பிப் போகாமல் தங்கிவிட்டார்கள்.

அப்படித் தங்கியவர்கள் ராக்கியப்பன், அவருடைய மச்சினன் கருப்பண்ணன், அப்புறம் மயிலாத்தாள். ராக்கியப்பன் குருவைவிட வயசில் ரொம்பப் பெரியவர். அதனால் அம்மா அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். லைன் வீடுகளும் கேட்டுச் சாவியும் அவர் பொறுப்பு.

ஒருநாள் காலையில் ராக்கியப்பன் கொதித்துக்கொண்டு வந்தார். அம்மா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

“லைன் வீட்டு ஒடிசாக்காரனுகளைக் காலி பண்ணச் சொல்லிடலாம்ங்கம்மா.”

“என்ன பண்ணினாங்க?”

ராக்கியப்பன் ஒரே மூச்சில் கொட்டினார். கடுகெண்ணெய் நாற்றம் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஸ்பீக்கர் அலறுகிறது. குழாயடியில் பான் எச்சில். பேசுவது ஒரு எழவும் புரியவில்லை, நம்மைத்தான் திட்டுகிறார்களோ என்னவோ. இது நம்ம ஊர்தானா என்றே சந்தேகமாக இருக்கிறது.

அம்மா அடுத்த டம்ளரை எடுத்தார்.

“இதெல்லாம் போன வருஷமும் இருந்துச்சேண்ணா.”

அது உண்மை. கடுகெண்ணெய்க்கு ராக்கியப்பனின் மூக்கு பழகி ரொம்ப நாளாகிவிட்டது.  அப்புறம்தான் உள்ளே இருந்தது வெளியே வந்தது.

அவர் மகன் தரணி ஓவர்லாக் டெய்லர். பீஸ் ரேட்டுக்கு, உருப்படிக்கு இவ்வளவு என்று தைக்கிறவன். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுத்து வாங்குகிற பையர் துணிக்கு விலையைக் குறைத்துவிட்டான், அதனால் தையல் ரேட்டும் குறையும் என்று கம்பெனியில் சொன்னார்கள். அந்த ரேட்டுக்குத் தைக்க முடியாது என்று தரணி எழுந்துவிட்டான். மறுநாள் அவன் மிஷினில் சனாதன் உட்கார்ந்திருந்தான். லைன் வீட்டில் மூணாவது ரூமில் பெண்டாட்டி, பெண் குழந்தையோடு இருக்கிற அதே சனாதன்தான். அன்றிலிருந்து தரணிக்கு வேலை இல்லை. பெண் கொடுக்கிறோம் என்றவர்கள் இப்போது போனை எடுப்பதில்லை. வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை.

“அவன் குறைச்சுக் கேக்கலைன்னா எம் பையன் ஏனுங்க வெட்டியா உக்காந்திருக்கப் போறான்? ஊர் பேர் தெரியாதவன். எங்கிருந்தோ வந்து எங்க சோத்துல கையை வெச்சுட்டான்.”

சாயங்காலம் தரணியும் அவன் கூட்டாளிகளும் வருவதாக ராக்கியப்பன் சொன்னார். சாமான்களைத் தூக்கி ரோட்டில் போடப் போகிறார்கள். சனாதன் குடும்பம் ராத்திரிக்குள் ஊரைவிட்டே போக வேண்டும். ராக்கியப்பன் கேட்டைத் திறந்துவிட்டால் போதும் என்றார்களாம். அம்மா வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல் திறக்க அவருக்கு மனசு வரவில்லை.

அம்மா கையைத் துண்டில் துடைத்தார்.

“மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி மூணு பேரும் வாங்கண்ணா. சொல்றேன்.”

மத்தியானம் மூவரும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அம்மா அவர்கள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சோற்றுப் பானை உள்ளேயே இருந்தது.

“நாளையிலிருந்து மடத்துல ஒரு ஆள்தான் இருக்கலாம். மூணு பேர் வேலையையும் அவரே பாக்கணும். எத்தனை வேளை சோறு குடுத்தாப் போதும்னு சொல்லுங்க. யாரு குறைச்சுக் கேக்கறாங்களோ அவங்க இருக்கலாம். மத்தவங்க கிளம்பிடலாம்.”

மயிலாத்தாள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. மயிலாத்தாளும் நிறுத்திக்கொண்டாள்.

ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. குரு சொன்னால் ஏன் என்று கேட்பதில்லை. அதற்குப் பெயர் பக்தி என்று மூவரும் நினைத்திருந்தார்கள்.

ராக்கியப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தார். வீட்டுக்குப் போவதென்றால் எந்த மூஞ்சியோடு போவது? சம்பாதிக்கிற மகனே சும்மா உட்கார்ந்திருக்கிறான். அங்கே இன்னொரு தட்டா?

மயிலாத்தாள் ரெண்டு வேளை போதும் என்றாள். ராக்கியப்பன் தனக்கும் ரெண்டு வேளைதான், ஆனால் காலையில் காப்பி வேண்டாம் என்றார். கருப்பண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு வேளை போதும் என்றான்.

மூணு பேர் வேலையை ஒரு வேளைச் சோற்றுக்குச் செய்ய இடுப்பு கேட்காது என்று சொல்லி மயிலாத்தாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

“எனக்கும் ஒரு வேளைதாங்க. மோர் வேண்டாம்” என்றார் ராக்கியப்பன்.

கருப்பண்ணன் சோறே வேண்டாம், கஞ்சி போதும் என்றான். படுக்கவும் இடம் வேண்டாம், வேப்பமரத்தடியில் படுத்துக்கொள்கிறேன் என்றான். ராக்கியப்பன் ஒருநாள் விட்டு ஒருநாள் கஞ்சி என்றார். சொல்லும்போதே அவருக்குத் தன் குரல் யாருடைய குரலோ மாதிரி கேட்டது.

கருப்பண்ணன் அம்மாவையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தே சொன்னான்.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம்ங்க. வெளியில எங்காச்சும் கேட்டு வாங்கித் தின்னுக்கறேன். இங்க இருக்க விட்டாப் போதும்.”

ராக்கியப்பன் எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. கருப்பண்ணன் கழுத்துத் துண்டு அவர் கையில் முறுக்கிக்கொண்டு இருந்தது.

“சோத்துக்குச் செத்த நாயே. எங்கிருந்துடா வந்தே நீயி?”

கருப்பண்ணனுக்கு மூச்சு முட்டியது. இருந்தாலும் பதில் சொன்னான்.

“உங்க எதிர் வீட்லிருந்துதான் மாமா.”

கை தானாக விட்டது.

அம்மா எழுந்து உள்ளே போனார். பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று தட்டிலும் சோறு வைத்தார், கீரைக் கடைசல் ஊற்றினார், எப்போதும் போல. ராக்கியப்பன் தட்டில் மோரும் வந்தது.

“நாளைக்குங்க?” என்று மயிலாத்தாள் கேட்டாள்.

“நாளைக்கும் மூணு பேருக்கும் உண்டு. அரிசி மூட்டை மூட்டையா இருக்கு. சாப்பிடுங்க.”

மயிலாத்தாள் தட்டை இழுத்துக்கொண்டாள். மாமனும் மச்சினனும் இனிமேல் காற்றைக் குடித்தே காலத்தை ஓட்டுவார்கள் என்று பார்த்தேன், அதுக்குள்ளே சோறு வந்து கெடுத்துவிட்டதே என்றாள். யாரும் சிரிக்கவில்லை. கருப்பண்ணன் கழுத்தைத் தடவிக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தான்.

அம்மா ராக்கியப்பன் பக்கம் திரும்பினார்.

“கோவம் வந்துச்சாண்ணா?”

“வந்துச்சுங்க.”

“யாரு மேல?”

ராக்கியப்பன் மோவாயால் மச்சினனைக் காட்டினார்.

“அவர் என்ன பண்ணினார்?”

“குறைச்சுக்…”

அதற்கு மேல் வரவில்லை. சோற்றைப் பிசைந்தார். இறங்கவில்லை. எழுந்து கை கழுவினார்.

வெயில் தாழ்ந்ததும் அவர் லைன் வீட்டுப் பக்கம் போனார். எதற்குப் போனார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. மூணாவது ரூமில் சனாதன் பாத்திரத்தைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். யாரோ சேதி சொல்லியிருக்கிறார்கள். அவன் பெண்டாட்டி குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள், ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி.

ஏண்டா அப்படிக் குறைத்துக் கேட்டாய் என்று ராக்கியப்பன் கேட்டே விட்டார். சனாதன் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான். ஊரில் அவனுக்கு வேலையே இல்லை. இங்கே அவன் ஒன்றும் கேட்கவில்லை, சூப்பர்வைசர்தான் ரேட்டைச் சொன்னான். பத்துப் பைசா சேர்த்துக் கேட்டால் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடும், அங்கே இதைவிடக் குறைத்துத் தைக்க ஆள் இருக்கிறது என்றானாம்.

“எனக்கு அந்த வங்கதேசத்துக்காரன் மேலதான் கோவம் அண்ணா” என்றான் சனாதன். “அவன் ஏன் அவ்ளோ கம்மிக்குத் தைக்கறான்?”

ராக்கியப்பனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. சாக்கைப் பிரிக்கவும் சொல்லவில்லை, கட்டவும் சொல்லவில்லை. வந்துவிட்டார்.

சொன்னபடி அவர்கள் வந்தார்கள். பத்துப் பதினைந்து வண்டி. தரணி முன்னால் நின்றான்.

“அப்பா, கேட்டைத் தெறங்க.”

ராக்கியப்பன் சாவியைக் கையில்தான் வைத்திருந்தார். திறக்கவில்லை. ரேட்டைக் குறைத்தது யார் என்று மகனைக் கேட்டார். கம்பெனி என்றான். கம்பெனி யார் சொல்லிக் குறைத்தது என்றார். பையர் என்றான். அந்தப் பையர் எந்த ஊர் என்று கேட்டதற்குக் கூட்டத்தில் ஒருத்தன் ஒரு நாட்டைச் சொன்னான், இன்னொருத்தன் வேறொரு நாட்டைச் சொன்னான்.

தரணிக்கு எரிச்சலாக வந்தது.

“எந்த நாடா இருந்தா என்னப்பா? நம்ம முதலாளி கார் கண்ணாடியையே எறக்க மாட்டாரு. அந்தப் பையர் கடலுக்கு அந்தாண்ட ஏசி ரூம்ல உக்காந்திருக்கான், அவன் மூஞ்சியைக்கூட நான் பாத்ததில்ல. அவனை எங்க போய்ப் பிடிக்கறது? இவன் இங்க இருக்கான்.”

ராக்கியப்பனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. 

“இரு. அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து தெறக்கறேன்.”

அம்மா கொடியில் இருந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தார். ராக்கியப்பன் மகன் சொன்னதை அப்படியே சொன்னார்.

“பசங்க சொல்றது நியாயம்தானுங்கம்மா. குறைச்சவன் கைக்கு எட்டாத தூரத்துல இருக்கான். எட்டாதவனை என்ன பண்ண முடியும்? அதனாலதானுங்க எட்டுறவன்மேல கை போகுது.”

அம்மா துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“மத்தியானம் நான் கைக்கு எட்டுற தூரத்துலதானேண்ணா உக்காந்திருந்தேன்.”

 ராக்கியப்பன் கேட்டுக்குத் திரும்பிப் போனார். அம்மா என்ன சொன்னார் என்று தரணி கேட்டான்.  அவர் சாவியை மடியில் சொருகிக்கொண்டு, கேட்டுக்கு உள்பக்கமாக, கம்பியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே தரணி கம்பியைப் பிடித்து ஆட்டினான். முதுகு குலுங்கியது. அவர் எழுந்திருக்கவில்லை.