நானூறு பேரும் ஒரு விளக்கும்

“அந்த வரியை எடுத்துட்டேனுங்க, டீச்சர்” என்றார் மாசிலாமணி.

செம்மலர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போனவள், கையை நிறுத்தினாள்.

அவளுக்கு முப்பத்து நான்கு வயது. அவருக்கு ஐம்பத்தொன்று. ஆனாலும் அவள்தான் டீச்சர். ‘கரைவிளக்கு’ என்ற கணினி விளையாட்டின் மூன்று பாகங்களையும் எழுதியவள் அவள். அதை விளையாடிவிட்டு, பார்த்த வேலையை உதறிவிட்டு, அவளிடம் கற்றுக்கொள்ளக் கோவைக்கு வந்தவர் அவர்.

“எந்த வரிங்ணா?”

“‘யாரும் வரவில்லை. நீ வந்தாய்.’”

அவள் டப்பாவைத் தள்ளி வைத்தாள்.

மூன்று பாகங்களுக்கும் முடிவு ஒன்றுதான். அரக்கர்களையும் பனியையும் தாண்டி ஒருவர் தன்னந்தனியாக மலை ஏறுவார். உச்சியில் அணைந்துபோன விளக்கு. பக்கத்தில் ஒரு கிழட்டுக் காவலாளி. விளக்கை ஏற்றியதும் காவலாளி அந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்வான். கடலில் வழி தவறிய படகுகள் கரை திரும்பும். முற்றும்.

இப்போது நான்காம் பாகம். ஆன்லைன். எல்லோரும் ஒரே உலகத்தில், ஒரே நேரத்தில் ஆட வேண்டும். வெள்ளிக்கிழமை ஊருக்கே திறந்துவிடப் போகிறார்கள். பொறுப்பு மாசிலாமணி தலையில்.

“முதல் சோதனையில என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியுமுங்களே.”

தெரியும். அலுவலகமே ஒரு வாரம் சிரித்தது. நானூறு பேரைக் கூப்பிட்டு ஆடவிட்டார்கள். பதினோராவது நிமிடத்தில் ஒருத்தன் ஓடிப்போய் விளக்கை ஏற்றிவிட்டான். விளக்கு எரிந்தால் கதை முடிந்தது என்பது பழைய விதி. அதை மாற்ற வேண்டும் என்று அங்கிருந்த எந்த மேதாவிக்கும் தோன்றவில்லை. நானூறு திரைகளிலும் ‘முற்றும்’ விழுந்தது. பாதிப் பேர் அப்போதுதான் துறைமுகத்தில் நல்ல வாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அதைச் சரி பண்ணினோமுங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா விளக்கு தானா அணையும். அடுத்த ஆள் ஏத்தலாம்.”

“இன்னைக்கு?”

“வரிசையில நின்னாங்க, டீச்சர். மலை உச்சியில இருந்து துறைமுகம் வரைக்கும். ஒவ்வொருத்தனா ஏத்தறான். காவலாளி ஒவ்வொருத்தன்கிட்டயும் ‘யாரும் வரவில்லை’ங்கறான். பின்னால முன்னூத்திச் சொச்சம் பேர் நிக்கறாங்க! முட்டைபரோட்டான்னு பேர் வெச்சுக்கிட்டு ஒருத்தன். ‘எல்லாரும் ரேஷன் கார்டு கொண்டாந்தீங்களா?’ன்னு எழுதறான். சிரிப்பு அடங்கவே இல்லைங்க.”

அவர் சிரிக்கவில்லை.

மனைவி தெய்வானை இறந்த வருடம் அவர் மூன்று மாதம் யாரிடமும் பேசவில்லை. அக்கா வீட்டில் சும்மா கிடந்த கணினியில், பொழுது போகாமல்தான் இந்த விளையாட்டைத் தொட்டார். நாற்பதாவது நாள் மலை ஏறினார். காவலாளி சொன்னதைக் கேட்டு, சமையலறையிலிருந்து அக்கா ஓடிவரும்படி அழுதார். மறுநாள் காலையில் தானாக எழுந்து போய்ப் பால் வாங்கி வந்தார்.

“நான் ஏத்துன விளக்குங்க அது. அதை நானே கேலிக்கூத்து ஆக்கிட்டேன். வரி இல்லைன்னா சிரிக்கவாவது மாட்டாங்க. நானூறு பேர்த்தையும் எப்படிங்க, நீ வந்ததுதான் பெருசுன்னு நம்ப வைக்கறது?”

செம்மலரிடம் கேள்வி கேட்டால் நேராகப் பதில் வராது. இது அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டார். வேறு யாரிடம் போய்க் கேட்பார்?

“மூணாம் பாகத்துல பந்தம் எடுத்துட்டுக் கணவாயைத் தாண்டுவீங்களே, காத்து அடிச்சா என்னாகும்?” என்று கேட்டாள் அவள்.

“அணைஞ்சிரும். பாறை மறைவுலயே போகோணும்.”

“விளக்குக்கு?”

“விளக்குக்குக் காத்து கிடையாதுங்களே. அதோட கதை முடிஞ்சிருதே.”

“அந்த அஞ்சு நிமிஷத்தை எடுத்துருங்க. பந்தத்தோட விதியை விளக்குக்கும் போடுங்க.”

பத்து நிமிட வேலை. சோதனைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் சாப்பிடப் போயிருந்தார்கள். நாலைந்து பேர் மட்டும் கடலில் படகு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாசிலாமணி தன் வீரனை மலை ஏற்றி, விளக்கை ஏற்றினார். காவலாளி வாயைத் திறந்து, சொல்ல ஒன்றும் இல்லாமல் மூடினான். காற்று வந்தது. விளக்கு அணைந்தது.

மறுபடி ஏற்றினார். மறுபடி அணைந்தது.

“என்னங்க டீச்சர் இது, இருந்ததும் போச்சு!” என்றார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

அவள் பக்கத்துக் கணினியில் உட்கார்ந்தாள். அவளுடைய வீராங்கனை மலை ஏறி வந்தாள். காற்று மேற்கே கணவாயிலிருந்து வந்தது. அவள் விளக்குக்கு மேற்கே போய் நின்றாள்.

“இப்ப ஏத்துங்க.”

ஏற்றினார். சுடர் ஆடியது. அணையவில்லை.

“நீங்க இந்த இடத்துல நில்லுங்கண்ணா. நான் சாப்பிட்டு வந்தர்றேன்.”

“எவ்வளவு நேரமுங்க?”

அவள் விளையாட்டிலிருந்து வெளியேறி, டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர் நின்றார்.

பழைய பாகங்களிலிருந்து வந்த இன்னொரு விதி உண்டு. மூன்று நிமிடம் கீபோர்டைத் தொடாவிட்டால் வீரன் அலுத்துப்போய் உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்தால் காற்று அவன் தலைக்கு மேலே வரும். ஆகையால் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு மணி ஆனது. பசித்தது. போன் அடித்தது, அவர் எடுக்கவில்லை. ஒன்றரை ஆனது.

காற்று சில சமயம் வடக்கிலிருந்தும் வந்தது. ஓர் உடம்பு ஒரு பக்கத்தைத்தான் மறைக்கும். சுடர் பாதியாகக் குறைந்து, மெல்ல எழுந்து, மறுபடி குறைந்தது.

அணைந்தால் அணையட்டுமே, வெறும் பொம்மை விளக்குத்தானே என்று ஒரு தரம் நினைத்தார். கீழே இருண்ட கடலில் ஒரு படகு கரைப்பக்கம் திரும்புவது தெரிந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

இரண்டு மணி. நானூறு பேர் வரிசையில் நின்ற பாதையில் ஒருவரும் இல்லை. பேச்சற்றுக் கிடந்த அந்த மூன்று மாதம் அவருக்கு ஞாபகம் வந்தது.

அப்போது பாதையில் யாரோ ஏறி வந்தார்கள். தலைக்கு மேலே பெயர் தெரிந்தது. முட்டைபரோட்டா.

வந்தவர் விளக்கைச் சுற்றிக்கொண்டு போய் வடக்குப் பக்கம் நின்றார். சுடர் நிமிர்ந்தது.

பிறகு திரையில் எழுத்து வந்தது.

“கடல்ல இருந்தேண்ணே. வெளிச்சம் கூடிக் கூடிக் குறைஞ்சுது. யாரோ ஒத்தையா மல்லுக்கட்டறாங்கன்னு தெரிஞ்சுது.”

கொஞ்சம் கழித்து இன்னொன்று வந்தது.

“சாப்பிட்டீங்களா? போயிட்டு வாங்க. நான் நிக்கறேன்.”

செம்மலர் கழுவிய டப்பாவோடு வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண் கலங்கி, கீபோர்டில் எழுத்துகள் சரியாகத் தெரியவில்லை.

காவலாளி வந்தவரைப் பார்த்து வாயைத் திறந்தான். மூடினான்.

மாசிலாமணி ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்.

“யாரும் வரவில்லை. நீ வந்தாய்.”